வண்டியா, வண்டா?

தண்ணீர் லாரி ஓட்டுகிறவனுக்குக் காது என்பது பீடி சொருகிக்கொள்ள மட்டும்தான். நான் பீடியும் குடிப்பதில்லை. ஆக எனக்கு அது சும்மா இரண்டு பக்கமும் இருக்கிறது.

போர்வெல் மோட்டார் ஒரு பக்கம். லாரி எஞ்சின் ஒரு பக்கம். பின்னால் நிற்கிறவன் ஹாரன். இதற்கு நடுவில் போனில் யார் என்ன சொன்னாலும் நான் "சரி" என்பேன். "சரி" என்றால் பேச்சு சீக்கிரம் முடியும். எனக்கு நீளமாகப் பேச வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று முடிவெடுத்தவன் நான். (பள்ளிக்கூடமும் அதே முடிவில்தான் இருந்தது.)

அப்படிச் சொன்ன ஒரு "சரி"யால் என் மாமனார் வீட்டுக் கொல்லையில் வெள்ளம் வந்தது.

என் பெயர் ரத்தினம். சொந்த ஊர் மணவாள நகர். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். கம்பெனிகளுக்குத் தண்ணீர் அடிக்கிறேன். லாரி முதலாளியுடையது. ஓட்டுவதும், ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என்னுடையது. ஒழுகாத தண்ணீர் லாரி இந்த உலகத்தில் கிடையாது. எங்கள் லாரியின் பின்பக்கம், வால்வுக்குக் கீழே, ஹோஸைச் சுருட்டி வைக்க ஒரு தகரத் தட்டு உண்டு. அதில் இரவும் பகலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பாசி பிடித்துக் கிடக்கும். அதற்கு மேலே பெரிதாக 'தண்ணீர்' என்று எழுதியிருந்தார்கள். கடைசி எழுத்தின் புள்ளி எப்போதோ உதிர்ந்துவிட்டது. 'தண்ணீர' என்று நிற்கும். யாரோ பேச்சைப் பாதியில் நிறுத்தின மாதிரி. அதனாலோ என்னவோ, எனக்கும் லாரிக்கும் ஒத்துப்போனது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் லாரியைத் தண்ணி வண்டி என்பார்கள். குடிகாரனையும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பெண் கேட்டு ஆரம்பாக்கம் போனவர் என் சித்தப்பா. பெண்ணின் அப்பா கேட்டிருக்கிறார்.

"பையன் இன்னா பண்றான்?"

"பையன் தண்ணி வண்டி" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பெருமையாகச் சிரித்திருக்கிறார்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டாராம். "இன்னாய்யா இது, தகிரியமா சொல்லிக்கினு சிரிக்க வேற செய்யற?"

அவர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அதற்கு முன்னால் கழனியில் கூலி வேலை. நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். வீட்டிலும் விசில் கழுத்தில்தான் இருக்கும். மகள்கள் இரண்டு பேரும் அவரை நைனா என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நானும் நைனா என்றேன். லாரிதான் என்று புரிய வைத்துச் சித்தப்பா பெண் வாங்கிவிட்டார். ஆனாலும் முதல் சில மாதம் நைனா என்னிடம் பேசும்போது முகத்துக்குக் கிட்டே வந்துதான் பேசுவார். (மோந்து பார்ப்பதற்கு.)

இந்த அவப்பெயரை எப்படியாவது துடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் இருந்தது. அந்த வேகம்தான் கெடுத்தது.

என் மனைவி அமுலுவுக்கு ஒரு தங்கை. சுகன்யா. எம்.எஸ்சி. விலங்கியல். தினமும் ரயிலேறிச் சென்னை போய்ப் படிக்கிறவள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்ததே அவள் ஒருத்திதான். நைனா ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்.

"இந்த வருசம் முடிச்சிடணும். புராஜெக்ட்டு அது இதுன்னு இய்த்துக்கினே போனா, ஒங்க அக்கா மாரி பேக்கிங்குக்குப் போயிடு."

அமுலு ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். அந்த வேலை கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் சுகன்யாவுக்கு வேண்டியது பூச்சி.

கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். புது மாப்பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அதில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது. பேச்சுக்காக, "இன்னா படிக்கற?" என்று சுகன்யாவிடம் கேட்டேன். அவள் போனில் படங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

"அல்லி இலையில இருக்கற வண்டு மாமா. இலை வண்டுன்னு சொல்லுவோம். இது தண்ணியிலயே பொறந்து வளர்ற ஜாதி."

"சரி."

"முட்டை எப்டி வெக்கும் தெரியுமா? இலை மேல நின்னுக்கினு வட்டமா ஒரு ஓட்டை கடிக்கும். அந்த ஓட்டை வழியா வாலை உட்டு, இலைக்கு அடிப்பக்கம், தண்ணி படுற எடத்துல, வரிசையா ஒட்டிடும்."

"சரி."

"புழு கீழ சேத்துல, வேரைப் புடிச்சிக்கினு இருக்கும். மூச்சு உட மேல வரவே வராது."

இங்கே எனக்கு "சரி" வரவில்லை. "அப்ப எப்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"வால்கிட்ட ரெண்டு கொக்கி இருக்கும் மாமா. அதை வேருக்குள்ள குத்திடும். அல்லித் தண்டுக்குள்ள, வேருக்குள்ள எல்லாம் காத்து ஓடுது இல்ல? அதுலேர்ந்து இழுத்துக்கும்."

"ஹோஸ் போட்டு இய்க்குது."

"அதேதான் மாமா!"

அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது. நைனா கவனித்தாரா என்று பார்த்தேன். அவர் முறுக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வளந்ததும் வேர்லயே ஒரு கூடு கட்டிக்கும். வேப்பங்கொட்டை சைஸ்ல. அதுக்குள்ளதான் வண்டா மாறும். தண்ணிக்குள்ள இருந்தாலும் உள்ள ஒரு சொட்டு போவாது. காத்து ரொப்பி வெச்சிருக்கும்."

"லீக் ஆவாதா?"

"ஆவவே ஆவாது."

அந்தப் புழுவை எங்கள் முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

புழுவை வைத்து இது எந்த வகை என்று சொல்லிவிட முடியாதாம். புழுவெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். முழுசா வளர்ந்த வண்டு கையில் வேண்டும். மீசை, பாதம், தொடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும். அவள் போகிற நேரமெல்லாம் வண்டு ஆளைக் கண்டதும் பறந்துவிடுகிறதாம். "வண்டு சிக்கலன்னா புராஜெக்ட்ல பாதி இல்ல மாமா" என்றாள்.

"சரி" என்றேன்.

வெள்ளம் வந்த அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்த விஷயங்கள் மூன்று. ரயில் பாதை ஓரத்தில் அவள் பார்த்து வைத்திருந்த அல்லிக் குட்டையில் யாரோ ஷெட் போடுவதற்காக மண் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் ஓடிப்போய், கூடு ஒட்டியிருந்த வேர்களைச் சேற்றோடு வாரி வந்து, கொல்லையில் பாதியாக வெட்டின நீல டிரம்மில் நட்டு, மேலே கொசுவலை கட்டி வைத்திருந்தாள். வண்டு வெளியே வரக் காத்திருந்தாள். இது ஒன்று. என் அத்தை, அதாவது மாமியார், 'இலை வண்டு' என்று சொல்ல வாய் வராமல் அதற்குத் 'தண்ணி வண்டு' என்று பெயர் வைத்துவிட்டார். வீடே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டது. இது இரண்டு. பூச்சிப் படிப்பு என்றால் பூச்சி காலேஜில்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது மூன்று. (மூன்றாவதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நானாகச் செய்துகொண்டது.)

ஒரு நாள் காலை. ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கழனி போர்வெல்லில் லோடு பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சுகன்யா. அவள் பக்கம் ரயில். என் பக்கம் மோட்டார்.

அவள் சொன்னது இது: "மாமா, ஊட்ல யாரும் போன் எடுக்கல. அந்தப் பக்கம் போனீங்கன்னா தண்ணி வண்டு வந்துச்சான்னு பாருங்க. டிரம்ல தண்ணி கொறஞ்சிருந்தா ஒரே ஒரு சொம்பு மெதுவா ஊத்துங்க."

எனக்குக் கேட்டது இது: "மாமா, ஊட்ல யாரும்... தண்ணி வண்டி வந்து... டிரம்ல தண்ணி... ஊத்துங்க."

"சரி" என்றேன்.

போனை வைத்தேன். நெஞ்சு நிமிர்ந்தது. மாமனார் வீட்டில் தண்ணீர் இல்லை. பஞ்சாயத்து லாரி வரவில்லை போல. முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அதுவும் என் கையில் இருக்கிற ஒன்றை. அந்த லோடு ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போக வேண்டியது. கேன்டீனில் ஒரு வேளை சாம்பார் கெட்டியாக இருந்தால் யாரும் சாக மாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

அந்தத் தெருவுக்குள் என் லாரி நுழைந்தது பெரிய விஷயம். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம்கூட மிச்சம் இல்லை. துணிக்கொடி ஒன்று அறுந்து கண்ணாடி மேலே ஒரு பாவாடை வந்து விழுந்தது. அதோடுதான் போய்ச் சேர்ந்தேன். நைனா டூட்டியில் இருந்தார். அத்தை உள்ளே ஏதோ ஆட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டர் சத்தம். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. (காது கேட்காத குடும்பத்தில்தான் பெண் எடுத்திருக்கிறேன்.)

பக்கத்துச் சந்து வழியாக ஹோஸை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முருங்கை மரத்தடியில் நீல டிரம். மேலே கொசுவலை. உள்ளே கலங்கின கொஞ்சம் தண்ணீர், இலை, சேறு. பாவம், இந்தத் தண்ணீரை வலை கட்டி வடிகட்டிக் குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். வலையை அவிழ்த்துச் சுவர் மேல் வைத்தேன். ஹோஸ் வாயை டிரம்முக்குள் விட்டேன். தெருவுக்கு வந்தேன். மோட்டாரைப் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அது மூன்றாவது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். அதை வைத்து முழங்கால் உயர டிரம்மை ரொப்பப் போனேன். லாரி பக்கம் நிற்பவனுக்குக் கொல்லையில் நடப்பது தெரியாது. நான் வால்வில் கை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையாக நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

"மாப்ள! மாப்ள! போதும்!"

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் "போதும்" என்றால் இன்னும் ஒரு கரண்டி போடு என்று அர்த்தம். முதல் "போதும்" கேட்டதும் நிறுத்துகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

"இருக்கட்டும் அத்தை!" என்று கத்தினேன்.

"ஐயோ, போதும் மாப்ள! போதும்! போதும்!"

மூன்று தடவை சொல்கிறாரே, எவ்வளவு மரியாதை தெரிந்த குடும்பம் என்று நினைத்தேன். வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன்.

அதன் பிறகு வாசற்படி வழியாக ஒரு செருப்பு வந்தது. மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொரு செருப்பு. அதன் பின்னால் உளுத்தமாவு கலந்து வெள்ளையாகத் தண்ணீர். கடைசியாக, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை.

"மாப்ள, ஊட்டக் கய்வி உட்டுட்டீங்களா?"

நான் மோட்டாரை நிறுத்துவதற்குள் சந்து வழியாகத் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மரியாக்கா அதைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். "ஏய், தண்ணி! சும்மா தண்ணி!" அவ்வளவுதான். தெருவில் இருந்த குடமெல்லாம் கொல்லைக்குள் ஓடியது. மிதிக்க இருந்த கால் எல்லாம் மிதித்தது. நான் யாரையும் தடுக்கவில்லை. நாலு பேருக்கு உதவினோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சுகன்யா மத்தியான ரயிலில் வந்தாள். தெருமுனையிலேயே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, "இன்னாக்கா, பைப்பு உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

"பைப்பெல்லாம் இல்லம்மா, ஒங்க மாமா வந்துக்கிறாரு" என்று மரியாக்கா சொல்லியிருக்கிறார்.

அவள் நேராகக் கொல்லைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். டிரம் கவிழ்ந்து கிடந்தது. அல்லி வேர் சேற்றில் அங்கங்கே மிதிபட்டுக் கிடந்தது. அவள் குனிந்து ஒவ்வொரு வேராக எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அது என்ன டிரம் என்று அத்தை எனக்குச் சொன்னார். வண்டு என்றார். வண்டி இல்லை, வண்டு.

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மிதந்துகொண்டிருந்தது.

"கூடு எல்லாம் நசுங்கிடுச்சு மாமா" என்றாள் சுகன்யா. "அந்தக் குட்டைய முழுசா மூடிட்டாங்க. இதான் இருந்துச்சு."

நான் "சரி" என்றேன். என் வாழ்க்கையில் சொல்லியிருக்கவே கூடாத "சரி" அது.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நைனா டூட்டி முடிந்து வந்தார். வாசலில் நின்று பார்த்தார். என்னிடம் கிட்டே வந்து ஒரு தடவை மோந்து பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். தெருவே கூடியது.

"கொடம் கொடமா தூக்கினு போனீங்க இல்ல? இப்ப எல்லாரும் தேடுங்க. கூட்டுலேர்ந்து ஏதாவது ஒண்ணு வெளிய வந்து கீதான்னு பாருங்க. பளபளன்னு இருக்குமாம்."

தேடினார்கள். ஆரம்பாக்கத்தில் அவ்வளவு வகை பூச்சி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுகன்யா ஒரு கல் மேல் உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் வரிசையில் கொண்டுவந்து காட்டினார்கள்.

முதல் ஆள் கொண்டுவந்தது கறுப்பாக, மொழுமொழு என்று இருந்தது. "இது நீந்துற வண்டுண்ணே. பின்னங்கால் பாருங்க, துடுப்பு மாரி முடி வெச்சிக்கினு கீது. நம்மளுது நீந்தாது. நடக்கும், பறக்கும்."

அடுத்தது சாணி வண்டு. அதன் தலையைப் பார்த்தே திருப்பி அனுப்பினாள்.

மரியாக்கா உள்ளங்கையை நீட்டினார். "எங்க அரிசி டப்பால இருந்துச்சு. கணக்குல வருமா?"

"இது மூக்கு வண்டுக்கா. மூஞ்சிய பாருங்க, நீட்டிக்கினு கீது."

"அப்ப அரிசி கெட்டுப்போச்சா?"

"அது வேற படிப்புக்கா."

நைனா தொப்பிக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். "மினுக்குது பாரு."

"நைனா, இது பொடவை ஜமிக்கி."

"தெரியும். நீ கண்டுபுடிக்கறியான்னு பாத்தேன்."

கடைசியாக நான் போனேன். நான் கொண்டுபோனது கரப்பான் குஞ்சு. சுகன்யா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அமுலுவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எல்லார் ஊட்லயும் மாப்ள வந்தா கறி எடுப்பாங்க. எங்க ஊட்ல மாப்ள வந்தா கட்டில தூக்கிப் பரண் மேல வெக்கறாங்க" என்றாள். கேன்டீன் விஷயமாக முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது.

சுகன்யா அல்லி வேர்த் துண்டுகளை மறுபடி டிரம்மில் நட்டாள் என்று கேள்விப்பட்டேன். கூடுதான் இல்லை. வண்டு இல்லாமலே எழுத ஆரம்பித்திருந்தாள். எப்போது போன் செய்தாலும் "பரவால்ல மாமா" என்றாள்.

நான் லோடு போகிற வழியில் இருந்த குட்டை எல்லாவற்றிலும் லாரியை நிறுத்திப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஆகாயத்தாமரை. அல்லி இல்லை. தண்ணீர் லாரிக்காரன் இறங்கிக் குட்டையை உற்றுப் பார்த்தால் ஊர் சும்மா விடுமா? ஒரு இடத்தில் கம்போடு வந்து, "இந்தத் தண்ணியையும் இய்க்க வந்துட்டியா?" என்று கேட்டார்கள். வண்டு தேடுகிறேன் என்று சொன்னேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சுகன்யா புராஜெக்ட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையில் லாரியை நிறுத்தினேன். வால்வைப் பார்க்கப் பின்பக்கம் போனேன்.

'தண்ணீர்' என்று இருந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஒழுங்காக இருக்கக் கூடாது. புள்ளி கிடையாதே. கிட்டே போனேன். கடைசி எழுத்தின் தலைக்கு மேல், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. வெண்கலப் பானையைப் புளி போட்டுத் துலக்கின நிறம். ஓரத்தில் கொஞ்சம் பச்சை.

கீழே தட்டைப் பார்த்தேன். சுருட்டி வைத்த ஹோஸுக்கு அடியில், பாசியில், ஒரு துண்டு அல்லி வேர் மாட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கொல்லையிலிருந்து ஹோஸை இழுத்தபோது சேற்றோடு வந்திருக்க வேண்டும். அதில் வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு கூடு. ஒரு பக்கம் மூடி திறந்தாற்போல் திறந்திருந்தது. இத்தனை நாளும் என் லாரி அதன் மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. ஒழுகுகிறது ஒழுகுகிறது என்று முதலாளி என்னைத் திட்டாத நாள் இல்லை. அடைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

போனை எடுத்தேன்.

"சுகன்யா, தண்ணி வண்டு வந்து கீது."

"ஐயோ, வேணாம் மாமா! ஊட்ல எல்லா கொடமும் ரொம்பி கீது!"

"வண்டி இல்ல. வண்டு."

"சத்தியமா வேணாம் மாமா. அம்மா இப்பதான் மாவு ஆட்டி வெச்சாங்க."

"டு. டு. டு."

"இன்னாத்துக்கு மாமா டூ உடறீங்க? நியாயமா நான்தான் உடணும்."

வேறு வழியில்லை. என் வாழ்க்கையிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினேன். "அல்லி வேர்ல கூடு கட்டி, காத்து ரொப்பி வெச்சிக்கினு, சின்னதுல ஹோஸ் போட்டு மூச்சு இய்த்த ஒன்னோட வண்டு என் லாரிக்குப் பின்னாடி எய்த்து மேல ஒக்காந்துக்கினு கீது."

அந்தப் பக்கம் மிக மெதுவாக, "மாமா. அசையாதீங்க" என்றாள்.

போனிலேயே பரீட்சை வைத்தாள்.

"மீசை நீளமா, குட்டையா?"

"நீளம். ஒடம்புல பாதி வரும்."

"காலு துடுப்பு மாரி இருக்கா?"

"இல்ல. நடக்கற காலு. வழுக்கற பெயின்ட் மேல ஒட்டிக்கினு நடக்குது."

"பாதம் பிளந்து மெத்தை மாரி இருக்கும் மாமா, அதான். அடிவயிறு?"

"வெள்ளி. தண்ணி சொட்டு உய்ந்தா ஒட்டல. உருண்டு ஓடுது."

"பொடிப்பொடியா முடி இருக்கும். தண்ணி நிக்காது." அவள் குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. "பின்னங்கால் தொடைய பாருங்க. தடியா இருக்கா? அடில முள்ளு இருக்கா?"

நான் மூக்கு தகரத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். பின்னால் நிறையப் பேர் ஹாரன் அடித்தார்கள். கேட்டிலிருந்து செக்யூரிட்டி வந்து என் தோளைத் தட்டினான்.

"இன்னாண்ணே பாக்கற?"

"தொடையில முள்ளு."

"டாக்டராண்ட காட்டுண்ணே. லாரியாண்ட காட்டினா?"

முள் இருந்தது. அதைச் சொன்னதும் போனில் ஒரு கத்தல் கேட்டது. அந்தக் கத்தல் எந்த மோட்டார் சத்தத்திலும் எனக்குக் கேட்டிருக்கும்.

டிபன் பாக்ஸில் அமுலு கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு இருந்தது. அதை வாயில் மொத்தமாகத் திணித்துக்கொண்டேன். பாக்ஸைக் கழுவி, ஈரத்துணி போட்டு, வண்டின் மேல் மெதுவாகக் கவிழ்த்தேன். மூடினேன். வாயில் சோறோடு வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கும் கம்பெனிக்குத் தண்ணீர் போகவில்லை.

ஆரம்பாக்கம் தெருவில் நான் நுழைந்ததுதான் தாமதம். "வர்றாரு! வர்றாரு!" என்று மரியாக்கா கத்தினார். கட்டில்கள் உள்ளே போயின. வடாம் காய்ந்த பாய் இரண்டு பேரோடு ஓடியது. செருப்புகள்கூடத் திண்ணை மேல் ஏறின. நடுத்தெருவில் நைனா மட்டும் நின்றார். தொப்பி, நீலச் சட்டை. ஒரு கையை நீட்டி, விசில் ஊதி, லாரியை நிறுத்தினார்.

"வண்டியா, வண்டா?"

டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டினேன். "வண்டு."

"தொற."

திறந்திருக்கக் கூடாது. கேட்டில் எந்தப் பையானாலும் திறந்து பார்த்துப் பழகிய மனுஷர். நானும் லாரியில் வருகிறவன், கேட்டில் திறந்து காட்டிப் பழகியவன். மூடியைத் தூக்கினேன். வண்டு மேலே எழும்பியது. எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றியது. தெருவே "ஐயோ" என்றது. வாசலில் சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டு போய் நைனாவின் தொப்பியில் உட்கார்ந்தது. சரியாக நடுவில், பேட்ஜ் குத்துகிற இடத்தில்.

"நைனா, ஆடாத!"

அவர் ஆடவில்லை. விறைப்பாக நின்றார். கம்பெனி எம்.டி. வந்தபோதுகூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார். மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. வாயிலிருந்த விசிலைக்கூட எடுக்கவில்லை. சுகன்யா ஒரு சின்ன பாட்டிலோடு அடிமேல் அடி வைத்து வந்தாள். பாட்டிலை வைத்தாள். மூடினாள். அதன் பிறகுதான் நைனா மூச்சை விட்டார். மூச்சு விசில் வழியாகப் போயிற்று. அவ்வளவு நீளமான விசிலை அந்தத் தெரு அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

சுகன்யா புராஜெக்ட்டை நாள் தவறாமல் கொடுத்தாள். வண்டுக்கு ஏதோ பெயர் சொன்னாள். என் வாயில் நுழையவில்லை. புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லையாம். ஏற்கெனவே பெயர் உள்ளதுதான். "பரவால்ல, எங்களுக்குப் புதுசு" என்றார் அத்தை. பாஸானாள். பேக்கிங் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இப்போது இன்னும் பெரிய படிப்பு. அதுவும் இதே வண்டுதான். நைனா அவளை ரயிலேற்றிவிடப் போகும்போது வழியில் பார்க்கிற எல்லோரிடமும் "புயுவா இருக்கும்போது ஹோஸ் போட்டு மூச்சு உடும், தெரியுமா?" என்று கேட்கிறார். அது நான் சொன்ன வார்த்தை. நானும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அன்றைக்கு என் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன அல்லி வேரில் ஏதோ ஒன்று தெருமுனைப் பள்ளத்தில் போய்த் தங்கியிருக்கிறது. இப்போது அங்கே அல்லி பூக்கிறது. போன வாரம் சுகன்யா கூட்டிப்போய்க் காட்டினாள். இலையில் வட்டமாக ஓட்டை. "முட்டை வெச்சிருக்கு மாமா" என்றாள். நான் "சரி" என்றேன். இந்தத் தடவை சொல்லலாம்.

நான் மாமனார் வீட்டுக்குப் போன் செய்தால் இன்றுவரை "ஹலோ" கிடையாது. யார் எடுத்தாலும் "வண்டியா, வண்டா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பாட்டில் நான் "போதும்" என்று சொல்லிவிட்டால் அத்தை சொம்போடு வந்து நிற்பார். அமுலுவின் போனில் என் பெயர் தண்ணி வண்டு.

சமீபத்தில் முதலாளி லாரிக்குப் பெயின்ட் அடித்தார். எழுத வந்தவன், "அண்ணே, இதுல புள்ளி இல்ல. வெச்சிடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். படிக்காதவன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது.

நான் தெருவுக்குள் லாரியைத் திருப்பும்போதெல்லாம் நைனா முதலில் பின்பக்கம்தான் போகிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார்.

"தண்... ணீ... ர..." என்று இழுத்துவிட்டு, என்னைப் பார்க்கிறார்.

"இன்னா மாப்ள, இன்னிக்கு புள்ளி லீவா?"